வினைச்சொல்லைப் பாருங்கள்: பேராசிரியர்களின் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது ஒரு பட்டியல் வெளியிடும். ஒருவரின் கட்டுரை ‘ஸ்கோபஸ் இதழில்’ வெளிவந்தது, இன்னொருவரின் காப்புரிமை (பேட்டன்ட்) ‘வெளியிடப்பட்டது’, மூன்றாமவர் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில்’ இடம்பிடித்தார், நான்காமவர் பன்னாட்டு மாநாட்டில் மையவுரை ஆற்றினார். எல்லா வரிகளும் ஒரே எழுத்தளவில், ஒரே பெருமிதத்தோடு இருக்கும். ஆனால் ஒரு வரிக்குப் பின்னால் மூன்றாண்டு உழைப்பும், முன்பின் அறியாத மூவரின் கறாரான சோதனையும் இருக்கலாம். அடுத்த வரிக்குப் பின்னால் ஒரு கட்டண ரசீது மட்டுமே இருக்கலாம். வெளியிலிருந்து படிக்கும் மாணவருக்கும் பெற்றோருக்கும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். இந்தப் பட்டியலை அந்தக் கடைசியிலிருந்தே படிக்க வேண்டும். அனுப்பினார், ஏற்கப்பட்டது, வெளியானது, வழங்கப்பட்டது, பங்கேற்றார் என்று ஒவ்வொரு வினைக்கும் தனி எடை உண்டு. அந்த வினையைச் செய்தது யார், அவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை இருந்ததா, சொல்வதற்கு முன் எதைச் சோதித்தார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வரியின் மதிப்பு தெரிந்துவிடும்.

கட்டுரை கடக்கும் வாசல்கள்

புதிதாகக் கண்டறிந்த ஒன்றை, கண்டறிந்த முறையோடும் சான்றோடும் முன்வைப்பது ஆய்வுக் கட்டுரை. அது ஆய்விதழில் வெளிவருவதற்குள் கடக்க வேண்டியவை:

1. அனுப்புதல். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது. ஓரிடத்தில் மறுத்துவிட்டால் அடுத்த இதழில் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

2. இதழாசிரியரின் மேசை. பொருள் பொருந்தவில்லை, புதுமை போதவில்லை என்று பல கட்டுரைகள் இங்கேயே திரும்பிவிடும்.

3. சக மதிப்பாய்வு. அதே துறையைச் சேர்ந்த, கட்டுரையோடு தொடர்பில்லாத இருவர் அல்லது மூவர் படித்து எழுத்தில் கருத்துச் சொல்வார்கள். பெரும்பாலும் இதற்கு ஊதியம் கிடையாது. எழுதியவருக்கு மதிப்பாய்வாளர் பெயர் தெரியாமல் வைப்பது ஒரு முறை. இரு பக்கமும் பெயரை மறைப்பது இன்னொரு முறை.

4. திருத்தம். ‘திருத்தி மீண்டும் அனுப்புங்கள்’ என்ற பதில் ஏற்பு அன்று. இந்தக் கட்டத்திலும் மறுக்கப்படும் கட்டுரைகள் உண்டு.

5. ஏற்பும் வெளியீடும். வெளியானதும் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண் கிடைக்கும். அது எப்போதும் 10 என்ற எண்ணில் தொடங்கும். இணையதள முகவரி மாறினாலும் அந்த எண் வழியே கட்டுரையை அடையலாம்.

ஆகவே ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்ற வரி எதையும் நிறுவவில்லை. மூன்றாம் வாசலில் அனுப்பியவர் இன்னும் நிற்கிறார் என்பதே அதன் பொருள். முன்பதிப்பும் அப்படித்தான். 1991இல் தொடங்கிய ஆர்க்சிவ் போன்ற தளங்களில், மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை யாரும் படிக்கும்படி வைக்கலாம். இயற்பியலிலும் கணிதத்திலும் அது நல்ல வழக்கம். முதல் கண்டுபிடிப்பு யாருடையது என்பதற்குத் தேதிச் சான்றும்கூட. ஆனால் அங்கே இதழாசிரியரும் இல்லை, மதிப்பாய்வாளரும் இல்லை.

மதிப்பாய்வுக்கும் எல்லை உண்டு. மதிப்பாய்வாளர் ஆய்வகத்துக்கு வந்து சோதனையை மறுபடி செய்து பார்ப்பதில்லை. எழுதியிருப்பது தன்னளவில் ஒத்துப்போகிறதா, முறை சரியா, முடிவு சான்றைத் தாண்டிப் பேசுகிறதா என்று மட்டுமே பார்க்கிறார். தரவைக் கற்பனையாக உருவாக்கிக் கச்சிதமாக எழுதினால் அது இந்த வலையில் சிக்காமல் போக வாய்ப்புண்டு.

எந்த இதழ் என்பதே பாதிச் செய்தி

கட்டணம் வாங்கும் இதழெல்லாம் போலி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தவறு. திறந்த அணுக்க இதழ்கள் வாசகரிடம் சந்தா வாங்குவதில்லை. செலவைக் கட்டுரையாளரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ பெறுகின்றன. கவனிக்க வேண்டியது கட்டணத்தை அன்று, முடிவெடுப்பவரை. நேர்மையான இதழில் ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பவருக்கும் பணம் பெறுபவருக்கும் தொடர்பிருக்காது. போலி இதழில் ‘முடியாது’ என்று சொல்ல யாருமே இருக்க மாட்டார்கள்.

2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் போஹனன் ஒரு சோதனை செய்தார். வேதியியல் படித்தவர் உடனே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்து ஒரு போலிக் கட்டுரை எழுதி, அதன் சிறு மாற்றங்களை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

‘ஸ்கோபஸ் இதழ்’, ‘வெப் ஆஃப் சயின்ஸ் இதழ்’ என்ற சொற்கள் வருவது இங்கேதான். இவை இரண்டும் இதழ்கள் அல்ல. எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியது என்று பதிவு செய்யும் தரவுத்தளங்கள். ஸ்கோபஸை எல்செவியர் நிறுவனம் 2004இல் தொடங்கியது. வெப் ஆஃப் சயின்ஸின் மூலவேர் 1964இல் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை. இன்று அது கிளாரிவேட் நிறுவனத்திடம் உள்ளது. இந்தத் தளங்கள் சில தகுதிகளைப் பார்த்து இதழ்களைச் சேர்க்கின்றன, தகுதி குறைந்தால் நீக்குகின்றன. 2023 மார்ச்சில் கிளாரிவேட் 50க்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியதாக அறிவித்தது. அவற்றுள் ஆண்டுக்குப் பல ஆயிரம் கட்டுரைகள் வெளியிட்ட பெரிய இதழும் இருந்தது.

சரிபார்க்க வேண்டியவை:

1. இதழின் சொந்த இணையப் பக்கத்தில் இருக்கும் ‘ஸ்கோபஸ்’ சின்னத்தை நம்பக்கூடாது. தரவுத்தளத்தின் இதழ்ப் பட்டியலிலேயே தேட வேண்டும்.

2. பெயரால் தேடாமல் ஐஎஸ்எஸ்என் என்னும் எட்டு இலக்க எண்ணால் தேட வேண்டும். ஒரு சொல் மட்டும் மாறிய பெயர்களில் பல இதழ்கள் இருக்கின்றன.

3. பதிவு நிறுத்தப்பட்ட ஆண்டு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீக்கத்துக்கு முன் பதிவானவை பொதுவாகத் தளத்தில் அப்படியே இருக்கும். பின் வந்தவை ஏறாது.

4. உண்மையான இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி, அதைப் போலவே வேறோர் இணையதளம் நடத்தும் மோசடி உண்டு. எண் சரியாக இருக்கும், தளம் பொய். கட்டுரையின் டிஓஐ எண்ணைச் சொடுக்கினால் எங்கே போய் நிற்கிறது என்பதே இதற்கு நல்ல சோதனை.

ஐஎஸ்எஸ்என் என்பது தரச்சான்று அன்று. வாகனப் பதிவெண் மாதிரி அடையாளம் மட்டுமே. ‘ஐஎஸ்எஸ்என் பெற்ற இதழில் வெளியானது’ என்று எழுதுபவர் சொல்ல வேறொன்றும் இல்லாததால்தான் அப்படி எழுதுகிறார் என்று கொள்ளலாம்.

தாக்கக் காரணி: இதழின் சராசரி, கட்டுரையின் மதிப்பெண் அன்று

கணக்கு எளிது. ஓர் இதழ் 2022இல் 120, 2023இல் 130 என மொத்தம் 250 கட்டுரைகள் வெளியிட்டது. அந்த இரண்டாண்டு வெளியீடுகளை 2024இல் வந்த கட்டுரைகள் 750 முறை மேற்கோள் காட்டின. 750ஐ 250ஆல் வகுத்தால் 3. அதுவே 2024க்கான தாக்கக் காரணி. ஸ்கோபஸ் தரும் இதேபோன்ற சராசரியான சைட்ஸ்கோர் நான்காண்டுக் கணக்கைக் கொண்டது. ஆகவே ஒரே இதழுக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டும். பெரிய எண்ணை எடுத்துப் போட்டு, எது என்று சொல்லாமல் விடுவது வழக்கமான தந்திரம்.

இந்தச் சராசரியில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, வகுபடும் எண்ணில் இதழின் எல்லா எழுத்துகளும் பெற்ற மேற்கோள்கள் சேர்கின்றன. வகுக்கும் எண்ணிலோ ஆய்வுக் கட்டுரைகளும் மீள்பார்வைக் கட்டுரைகளும் மட்டுமே. தலையங்கமும் கடிதமும் மேற்கோள் பெற்றால் அது இலவச லாபம். இரண்டாவது ஓட்டை பெரியது: மேற்கோள்கள் சமமாகப் பரவுவதில்லை. ‘நேச்சர்’ இதழ் 2005இல் தன் கணக்கைத் தானே பிரித்துப் பார்த்தபோது, முந்தைய ஆண்டுக்கான தாக்கக் காரணியின் 89 சதவீதம் வெறும் 25 சதவீதக் கட்டுரைகளால் வந்தது தெரிந்தது. இன்னும் வேடிக்கையான உதாரணம் படிகவியல் இதழான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’. 2008இல் அதில் ஒரு மென்பொருளின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரை வந்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்களெல்லாம் அதை மேற்கோள் காட்ட, இதழின் தாக்கக் காரணி 2.051இலிருந்து அடுத்த ஆண்டே 49.926க்குத் தாவியது. அதே ஆண்டில் அந்த இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரை ஒரே இரவில் 24 மடங்கு சிறந்ததாகிவிடவில்லை.

காரணி எவ்வளவு என்று சொல்லும் வரியைவிட, அந்தக் குறிப்பிட்ட கட்டுரை எத்தனை மேற்கோள் பெற்றது, எதற்காகப் பெற்றது என்று சொல்லும் வரி மதிப்புள்ளது. ‘கியூ1 இதழ்’ என்பதும் இப்படித்தான். ஒரு பாடப்பிரிவின் இதழ்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால் முதல் கால்பகுதி கியூ1. ஓர் இதழ் இரண்டு பாடப்பிரிவுகளில் இருந்தால், ஒன்றில் கியூ1, மற்றதில் கியூ3 என்று நிற்க முடியும். எந்தத் தரவுத்தளம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாத கியூ1க்குப் பொருளில்லை. ஒரிஜினல் காரணி கிடைக்காத இதழ்களுக்கென்றே, ஏறத்தாழ அதே பெயரில் காரணி ‘வழங்கும்’ நிறுவனங்களும் உண்டு. கிளாரிவேட் ஆண்டுதோறும் வெளியிடும் இதழ் மேற்கோள் அறிக்கையில் இல்லாத எண் தாக்கக் காரணி ஆகாது.

பெயர் எங்கே நிற்கிறது?

‘இணைந்து எழுதிய கட்டுரை’ என்ற சொற்களுக்குள் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. உயிரியல், வேதியியல், மருத்துவம் போன்ற துறைகளில் முதற்பெயர் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. தொடர்புக் கட்டுரையாளர் என்பவர் இதழோடு பேசுபவர், கட்டுரைக்குப் பொறுப்பேற்பவர். கணிதத்திலோ பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். அங்கே முதற்பெயர் என்பது பெற்றோர் பெயர் வைத்த அதிர்ஷ்டம். துகள் இயற்பியலில் கதையே வேறு: 2015இல் ஹிக்ஸ் போசானின் நிறையைத் துல்லியமாக அளந்த கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தாம்.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. நான்கும் நிறைவேறினால்தான் ஒருவர் கட்டுரையாளர்:

1. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு.
2. எழுதுவதில், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துவதில் பங்கு.
3. வெளியாகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்.
4. கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு.

நிதி வாங்கித் தந்தது, துறைத்தலைவராக இருந்தது, கருவியைக் கடன் கொடுத்தது ஆகியவை இந்தக் கணக்கில் நன்றியுரைக்கு மட்டுமே தகுதி. நடைமுறையில் மரியாதைக்காகச் சேர்க்கப்படும் பெயர்கள் ஏராளம். இதைக் குறைக்கத்தான் இப்போது பல இதழ்கள் 14 வகைப் பங்களிப்புகளைப் பட்டியலிட்டு, யார் எதைச் செய்தார் என்று எழுதச் சொல்கின்றன. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பத்தியைப் படித்தால் சாதனைப் பட்டியல் சொல்லாதது தெரியும். ஒருவர் பெயருக்கு எதிரே ‘மேற்பார்வை’ மட்டும் இருக்கும். இன்னொருவர் பெயருக்கு எதிரே ஒன்பது பணிகள் இருக்கும்.

எச்-இண்டெக்ஸ்: ஏன் அசையாது, எப்படி அசைப்பார்கள்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் சொல்ல, 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாமல் இருக்கும் கடைசி இடமே எச்.

ஒருவருடைய ஏழு கட்டுரைகள் முறையே 40, 22, 9, 7, 6, 5, 2 மேற்கோள்கள் பெற்றன என்று வைப்போம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், 5ஐவிடக் குறையவில்லை. ஆறாவதுக்கு 5, 6ஐவிடக் குறைவு. ஆகவே எச் 5. இப்போது இரண்டு மாற்றங்களைச் செய்து பார்க்கலாம்.

முதல் கட்டுரை உலகப் புகழ்பெற்று 40 மேற்கோள் 4,000 ஆகிறது. எச் அப்போதும் 5தான்.

அவரே அடுத்த கட்டுரையில் தன் ஆறாவது கட்டுரையை ஒருமுறை மேற்கோள் காட்டுகிறார். 5 என்பது 6 ஆகிறது. எச் 6.

ஒரு துறையையே திருப்பிப்போட்ட கட்டுரையால் நகராத எண், சரியான இடத்தில் வைத்த ஒரே ஒரு தன்மேற்கோளால் நகர்கிறது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் விளிம்பில் நிற்கும் கட்டுரைகளைத் தேடி மேற்கோள் காட்டுவதும், நண்பர்களுக்குள் மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்வதும் நடக்கிறது. மேலும் எச் எண் ஒருபோதும் இறங்காது. ஓய்வு பெற்றபின்னும் ஏறும். மூத்தவரையும் இளையவரையும், கணிதவியலாளரையும் மருத்துவ ஆய்வாளரையும் அதைக்கொண்டு ஒப்பிடுவது தராசில் ஒரு தட்டை மட்டும் தொங்கவிடுவதுபோல. ஹிர்ஷ் அவர்களே பின்னாளில் இதன் பக்கவிளைவுகளைப் பற்றி எச்சரித்திருக்கிறார்.

எந்தத் தளத்தின் எண் என்பதும் முக்கியம். ஒரே ஆளுக்கு வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் மூன்றும் மூன்று எண் காட்டும். பெரும்பாலும் கூகுள் ஸ்காலரில்தான் அதிகம். காரணம், அது முன்பதிப்பு, ஆய்வேடு, அறிக்கை என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணுகிறது. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி தானாக உருவாக்கிய பொருளற்ற கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, ‘ஐக் அன்ட்காரே’ என்ற இல்லாத விஞ்ஞானிக்கு எச்-இண்டெக்ஸ் 94 வாங்கிக் கொடுத்தார். 2024இல் லாரி என்ற பூனை அதே வழியில் உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற பூனையானது. பூனைக்கு முன்பும் அந்தப் பட்டம் ஒரு பூனையிடமே இருந்தது என்பது இந்தத் துறையின் நகைச்சுவை உணர்வுக்குச் சான்று.

‘முதல் 2 சதவீதம்’ என்பது விருதா?

இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்கோபஸ் தரவிலிருந்து கணக்கிட்டு 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் இது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, தேர்வுக்குழு கூடுவதில்லை, எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. வினைச்சொல் சோதனையில் இங்கே கிடைக்கும் விடை ‘கணக்கிடப்பட்டார்’ என்பதே.

கணக்கு என்னவோ தாக்கக் காரணியைவிட நுணுக்கமானது. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச், தனியாக எழுதியவற்றின் மேற்கோள், தனியாகவோ முதற்பெயராகவோ எழுதியவை, தனி, முதல், கடைசிப் பெயர்களில் எழுதியவை என ஆறு அளவுகள் சேர்கின்றன. தன்மேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு வரிசைகள் உண்டு. 22 துறைகள், 174 உட்பிரிவுகள். ஒருவர் மொத்த வரிசையில் முதல் ஒரு லட்சத்தில் இருந்தாலோ, தன் உட்பிரிவில் முதல் 2 சதவீதத்தில் இருந்தாலோ பெயர் வரும்.

வரியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, வாழ்நாள் பட்டியலா ஓராண்டுப் பட்டியலா என்பது. இரண்டும் வேறு. ஓராண்டுப் பட்டியலில் அந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்கள் மட்டுமே கணக்கு. அதில் திடீரென்று ஏறுவதும் அடுத்த ஆண்டு காணாமல் போவதும் சாதாரணம். அண்மைய பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் பெயருக்கு நேரே தரப்படுகிறது. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்புகள் அந்த எண்ணிக்கையை எடுத்துக்காட்டுவதில்லை என்பதில் வியப்பில்லை.

கிளாரிவேட் ஆண்டுதோறும் வெளியிடும் அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியல் வேறு. அது மிகச் சிறியது, உலக அளவில் ஏறக்குறைய 6,000 முதல் 7,000 பேர். மேற்கோள் கூட்டணிகளின் தொல்லை தாங்காமல் 2023இல் கணிதத்தையே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்குச் சில கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்த மேற்கோள் என்று இயங்கும் சிறிய துறை அது. அங்கே சிலர் கைகோத்தால் வரிசை முழுதும் கவிழ்ந்துவிடும்.

காப்புரிமை: ‘வெளியிடப்பட்டது’ வேறு, ‘வழங்கப்பட்டது’ வேறு

சாதனைப் பட்டியல்களில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் வரி இதுதான். படிகள்:

1. விண்ணப்பம். முழு விவரமின்றித் தற்காலிக விண்ணப்பமும் போடலாம். பொதுவாக 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும்.

2. வெளியீடு. பெரும்பாலான நாடுகளில் 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் தானாகவே பொதுப் பார்வைக்கு வரும். சில இடங்களில் கட்டணம் கட்டி முன்கூட்டியே வெளியிடச் செய்யலாம். இதுவரை எந்த அலுவலரும் புதுமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

3. பரிசோதனை. காப்புரிமை அலுவலர் முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடி ஆட்சேபங்களை எழுதுவார். விண்ணப்பத்தின் உரிமைக்கோரிக்கைகள் பெரும்பாலும் இங்கே சுருங்கும்.

4. வழங்கல். இங்கேதான் உரிமை பிறக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதி.

‘காப்புரிமை வெளியிடப்பட்டது’ என்றால் இரண்டாம் படி. காத்திருந்தால் எந்த விண்ணப்பமும் அங்கே போய்ச் சேரும். அமெரிக்க, ஐரோப்பிய ஆவணங்களில் எண்ணின் கடைசி எழுத்து இதைச் சொல்லிவிடும்: ‘ஏ’ என்றால் பொதுவாக வெளியான விண்ணப்பம், ‘பி’ என்றால் வழங்கப்பட்ட உரிமை. வடிவமைப்புப் பதிவு இன்னொரு குழப்பம். அது ஒரு பொருளின் தோற்றத்துக்கு மட்டுமான பாதுகாப்பு. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. அதையும் ‘காப்புரிமை பெற்றார்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆசிரியர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் வேறு. மாநாட்டில் உரையாற்றிவிட்டு, அல்லது கட்டுரையை வெளியிட்டுவிட்டு, அதன்பின் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது. தன் வாயாலேயே வெளிப்படுத்திய ஒன்று இனிப் புதியது அன்று என்று பல நாடுகளில் விண்ணப்பம் தள்ளுபடியாகும். சில நாடுகள் சலுகைக் காலம் தருகின்றன, எல்லாம் தருவதில்லை. முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை என்ற வரிசை மாறக்கூடாது.

நிதி, உரை, நூல்

ஆய்வு நிதி என்பது போட்டியில் வென்று வாங்கியதென்றால் வலுவான செய்தி. வெளியார் குழு திட்டத்தைப் படித்துப் பிறரைத் தள்ளி இவரைத் தேர்ந்திருக்கிறது. ஆனால் அது உள்ளே வந்த பணம், வெளியே வந்த அறிவு அன்று. முதன்மை ஆய்வாளரா இணை ஆய்வாளரா, ஐந்து நிறுவனங்கள் பகிரும் தொகையில் இவர் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்காமல் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே. ஒரே திட்டத்தின் முழுத் தொகையை ஐந்து பல்கலைக்கழகங்களும் தத்தம் பட்டியலில் எழுதிக்கொள்வதுண்டு.

மாநாட்டில் மையவுரைக்கு அழைப்பாளர் தேடி வருவார். பொதுக் கட்டுரை வாசிப்புக்கு நாம் தேடிப் போக வேண்டும். பயிலரங்கில் ‘பங்கேற்றார்’ என்றால் உட்கார்ந்து கேட்டார். கணினி அறிவியல் விதிவிலக்கு. அங்கே முன்னணி மாநாடுகளே முதன்மை வெளியீட்டு இடம்; முழு மதிப்பாய்வு நடக்கும், அனுப்பியதில் கால்பங்கு ஏற்கப்பட்டாலே பெரிது. ஆகவே மாநாட்டுக் கட்டுரை என்றதும் உதட்டைப் பிதுக்கக்கூடாது.

மானுடவியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் பத்துக் கட்டுரைகளைவிட ஒரு முழுநூல் பெரிது. அந்த நூலை வெளியார் படித்துக் கருத்துச் சொன்ன பின் பதிப்பகம் ஏற்றதா, முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி அப்படியே அச்சடித்ததா என்பதே கேள்வி. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருப்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது.

பட்டியலில் வராத பணியாளர்கள்

கருவியைச் சீராக்கும் தொழில்நுட்பப் பணியாளர், தரவை ஒழுங்குபடுத்தும் நூலகர், ஆய்வு மென்பொருள் எழுதுபவர் ஆகியோரின் உழைப்பு பெரும்பாலும் நன்றியுரையின் ஒரு வரியில் முடிந்துபோகும். நன்றியுரையை எந்தத் தரவுத்தளமும் மேற்கோளாக எண்ணுவதில்லை. இதற்கு நடைமுறைத் தீர்வு இருக்கிறது: தரவுத்தொகுப்பையும் மென்பொருளையும் தனி வெளியீடாகக் களஞ்சியத்தில் வைத்து டிஓஐ வாங்குவது, உருவாக்கியவர்களின் பெயரை அதில் சேர்ப்பது, ஒவ்வொருவரும் 16 இலக்க ஆர்க்கிட் எண் வைத்துக்கொள்வது. ஒரே பெயரில் பலர் இருக்கும்போதும், முன்னெழுத்து இடம் மாறும்போதும், தந்தை பெயர் குடும்பப்பெயராகப் பதிவாகிவிடும்போதும் ஒருவருடைய வேலை இன்னொருவர் கணக்கில் போய்ச் சேராமல் காப்பது அந்த எண்தான்.

எண்ணே இலக்கானபோது

பதவி உயர்வும் பல்கலைக்கழகத் தரவரிசையும் இந்த எண்களைச் சார்ந்தபோது, எண்ணை உற்பத்தி செய்யும் தொழிலும் பிறந்தது. கட்டுரை ஆலைகள் ஆயத்தக் கட்டுரையில் முதற்பெயர், இரண்டாம்பெயர் என்று இடத்தை விற்கின்றன. எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளிடமிருந்து தப்ப, சொற்களை இயந்திரத்தனமாக மாற்றுகிறார்கள். அப்படி மாற்றியதில் ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ (செயற்கை நுண்ணறிவு) என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ (போலி உணர்வுநிலை) ஆகிப் பல கட்டுரைகளில் அச்சேறியிருக்கிறது. துறை தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்திருந்தால் அந்தச் சொல் நின்றிருக்காது. ஆக, யாரும் படிக்கவில்லை.

பெரிய உடைப்பு ஹிந்தாவி இதழ்களில் நடந்தது. 2021இல் வைலி நிறுவனம் வாங்கிய பதிப்பகம் அது. சிறப்பிதழ்களை விருந்தினர் ஆசிரியர்கள் நடத்தினர்; மதிப்பாய்வாளரைத் தேர்வதும் அவர்கள் கையில். மூன்றாம் வாசலின் சாவியே வெளியே போனதால், ஆலைகள் உள்ளே நுழைந்தன. 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு உலகெங்கும் திரும்பப் பெற்றவை 10,000ஐத் தாண்டின. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது.

எதிர்வினையும் இருக்கிறது. ஆளை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக்கூடாது என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இல் உருவாகி 2013இல் வெளியானது. 2015இல் லைடன் அறிக்கை, ஆய்வை எண்களால் மதிப்பிடுவதற்கான பத்து நெறிகளை முன்வைத்தது. 2021இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்த வழியில் செல்லும் நிறுவனங்கள் ஆய்வாளரிடம் நீண்ட பட்டியலுக்குப் பதில் சில கட்டுரைகளை மட்டும் தேர்ந்து, அவற்றில் தன் பங்கு என்ன, அதனால் என்ன மாறியது என்று எழுதித் தரச் சொல்கின்றன. மதிப்பிடுவோர் அப்போது படித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எண்ணைப் பார்ப்பதற்கு நொடி போதும். சீர்திருத்தம் மெதுவாக நகர்வதற்கு அதுவே முதற்காரணம்.

வெளியான பின்னும் வினை மாறும்

கட்டுரை திரும்பப் பெறப்படுவது எப்போதும் மோசடியால் அன்று. தம் கணக்கில் பிழை கண்டு தாமே திரும்பப் பெறும் ஆய்வாளர்களும் உண்டு; அது நேர்மையின் அடையாளம். எந்த வகை என்பதை அறிவிப்பின் வாசகத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

சிக்கல், அறிவிப்பு வரும் இடத்தில் இருக்கிறது. இதழின் பக்கத்தில் கட்டுரைக்கு மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று வரும். டிஓஐ எண்ணைச் சொடுக்கினால் அங்கே போய்ச் சேரலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்க 2010 முதல் இயங்கும் ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தளம் தொகுத்த தரவுத்தளத்தை, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. கட்டுரையாளர் பெயரைக் கொண்டும் அதில் தேடலாம். பல்கலைக்கழகத்தின் சாதனைப் பக்கமோ தேதியிட்ட செய்தி. மூன்றாண்டுக்கு முன் ‘வெளியானது’ என்று எழுதிய வரியைத் தேடிப் போய்த் திருத்தும் வேலை எந்தத் துறைக்கும் ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே பழைய பட்டியலில் உள்ள கட்டுரையை ஒருவர் தன் ஆய்வுக்கு அடித்தளமாகக் கொள்வதற்கு முன், அதன் டிஓஐ எண்ணை இன்றைய தேதியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.